எப்போதிருந்து

அக்கா மகள் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள். விடிவதற்கு முந்தைய விமானம். மீனம்பாக்கத்தில் ஏற்றிக்கொண்டு பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டி மெப்ஸ் சிக்னலில் சிவப்புக்கு நின்றோம். வண்டியில் ஏ.சி. வேலை செய்து பல வருஷமாகிறது, கண்ணாடிகள் இறங்கியிருந்தன. முன்னால் நின்ற லாரியின் புகையும் எங்கிருந்தோ டீ பாய்லரின் சூட்டு வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. "மாமா, வண்டி ஏன் இப்படி நடுங்குது?" என்று கேட்டாள். குறை சொல்லும் குரலில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அப்போதுதான் பார்த்தேன். பின்னால் நின்ற பேருந்தின் விளக்குகள் ரியர்வியூ கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரட்டையாகத் தெரிந்தன. கியர் கம்பியின் தலை காற்றில் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலில் நீர் ஒரு கணமும் நிற்காமல் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. "மூணு சிலிண்டர் வண்டிம்மா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். பச்சை விழுந்தது, கிளம்பிவிட்டோம். அவளும் வந்து, இருந்து, திரும்பிப் போய்விட்டாள். நான் சொன்ன பதில் மட்டும் இன்னும் எனக்குள் அடங்கவில்லை.

பதிலில் பொய் இல்லை. மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்தான். நாலு சிலிண்டர் வண்டியின் சமநிலை அதற்கு வாய்க்காது, நின்ற இடத்தில் கொஞ்சம் உதறத்தான் செய்யும். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு, அன்றைக்கு இருந்தது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2008இலிருந்து அந்த இருக்கையில் உட்காருகிறவன் நான். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாகிச் சத்தம் தணிந்ததும் சோக்கை உள்ளே தள்ளும்வரை காது அதன்மேல்தான் இருக்கும். அப்படியிருந்தும், அந்த வண்டியில் ஒரே ஒரு தடவை ஏறிய பெண்ணுக்கு அரை மணி நேரத்தில் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அது எந்த மாதம் ஆரம்பித்தது, எந்தக் காலையில் சரியாக இருந்த வண்டி சரியில்லாத வண்டியாக மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்படி ஒரு காலை இருந்திருக்கவே வாய்ப்பில்லை என்று தோன்றும்போதுதான் சங்கடம் கூடுகிறது.

வெளியூரிலிருந்து வரும் சித்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னடா இப்படி இளைச்சுட்டே" என்பாள். தினமும் தட்டில் சோறு போடுகிற அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது. அன்பு குறைவாக இருந்ததால் தெரியாமல் போகவில்லை. பக்கத்திலேயே இருந்ததால்தான் தெரியாமல் போனது. தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வீடு கட்டிப் பல காலம் இருப்பவர்களிடம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்களின் சத்தம் தொந்தரவு இல்லையா என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், சத்தம் வரும் என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்கள். அன்று நாங்கள் நின்ற சிக்னலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் சானடோரியம் இருக்கிறது, டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை. ரயில் நிலையத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இருமல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் 'கொஞ்ச நாளாவே' என்பதற்கு மேல் பலராலும் சொல்ல முடியாது. அந்தக் 'கொஞ்ச நாளாவே'யைத்தான் நான் சிக்னலில் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறேன்.

அவள் போன வார ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கேம்ப் ரோடு பக்கம் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கையை எதிலும் வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நீள ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து நுனியை எஞ்சின் மூடியில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டர் மார்பில் குழாய் வைப்பது போலத்தான். "டேப்பட் பரவால்ல சார். மிஸ்ஸிங் அடிக்குது" என்று சொல்லிவிட்டு எஞ்சினை நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்பைத் தட்டினார். உள்ளே இருக்கும் அந்தச் சின்ன உலகத்தை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்குப் போலப் பார்த்ததில்லை. நடுவில் ஒரு தண்டு, அதற்கு மூன்று முனை. தண்டு சுற்றும்போது முனை ஒவ்வொன்றும் ஒரு ஃபைபர் கட்டையைத் தள்ளும். கட்டை தள்ளப்படும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன வில்லைகள் பிரியும். இதைத்தான் பாயிண்ட் என்கிறோம். பிரிகிற அந்தக் கணத்தில் காயிலில் மின்சாரம் அறுந்து பிளக்கில் பொறி விழும். வில்லைகள் எவ்வளவு பிரிய வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பாய் தன் ஃபீலர் கேஜை விசிறிபோல் விரித்து 0.45 என்று பொறித்த தகட்டை எடுத்து நுழைத்தார். நுழையவில்லை. 0.40, அதுவும் இல்லை. 0.30 தகடு உரசிக்கொண்டு உள்ளே போனது. "பாத்தீங்களா" என்று என் கையில் கொடுத்து என்னையும் நுழைக்கச் சொன்னார். நுழைத்தேன். தகட்டின் எண்ணெய் விரலில் ஒட்டியது.

ஒரு மயிரிழை அளவு ஃபைபர் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தேயத் தேய வில்லைகள் பிரியும் இடைவெளி சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கப் பொறி கொஞ்சம் பிந்தி விழுகிறது. பிந்தி விழும் பொறியால் எஞ்சின் தன் பலத்தில் சிறு பங்கை இழக்கிறது. இதில் எந்தக் கட்டத்திலும் எதுவும் உடைவதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே வித்தியாசம் என்று ஒன்று இல்லவே இல்லை. கால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் ஒரு நூல் அழுத்தக் கற்றுக்கொள்கிறது. இரும்புலியூர் மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்குக் கொஞ்சம் முன்னதாகவே கை இறங்குகிறது. வண்டி தேய்ந்த அளவுக்குச் சரியாக நானும் தேய்ந்து அதனோடு பொருந்திப் போயிருக்கிறேன். பாயிண்டின் இடைவெளி 0.45இலிருந்து 0.30க்கு வந்த அத்தனை மாதமும் எனக்கு வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டேப்பட் விஷயத்தில் இது இன்னும் மோசம் என்று பாய் சொன்னார். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்வாங்கினால் மேலே இருக்கும் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் அந்த டக்டக் சத்தமும் குறையும். ஓட்டுகிறவனுக்கு வண்டி முன்னைவிட அமைதியாகிவிட்டதென்று சந்தோஷமாகவே இருக்கும். உள்ளே வால்வு சரியாக மூடாமல் எரிந்துகொண்டிருக்கும்.

"எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை டியூன் பண்ணணும் பாய்?" என்று கேட்டேன். பல வருஷம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "அது வண்டியே சொல்லும் சார்" என்றார். எல்லா நல்ல மெக்கானிக்கும் சொல்கிற பதில்தான். அவருக்கு அது உண்மையும்கூட. ஒரு நாளில் பத்து வண்டியின் சத்தம் அவர் காதில் விழுகிறது, ஒன்றை ஒன்றோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ள அவரால் முடியும். எனக்கு இருப்பது ஒரே வண்டி. அது சொல்வதைத்தான் நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன், கேட்டுக் கேட்டே அது சொல்வது என்ன என்பது மறைந்துபோயிருந்தது.

டாஷ்போர்டு அறைக்குள் ஒரு நோட்டு இருக்கிறது. 1996 மாடலான இந்த வண்டியை வாங்கி எனக்கு விற்றவர் சிட்லப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வண்டிச் சாவியோடு அந்த நோட்டையும் கொடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாலு பத்தி பிரித்திருப்பார்: தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, குறிப்பு. முதல் நாலைந்து வருஷம் அந்த நோட்டு ஒரு தாளம் தவறாமல் போகிறது. ஐயாயிரத்துக்கு ஒரு தடவை பிளக் சுத்தம், பாயிண்ட் சரிபார்ப்பு, ஏர் ஃபில்டர். அன்றைய சர்வீஸ் வழக்கத்தில் ஐயாயிரம் கிலோமீட்டர் என்பது எல்லோரும் சொல்கிற எண். பிறகு அது மூவாயிரமாகிறது. 2006க்குப் பிறகு ஆயிரம், எண்ணூறு. கடைசி இரண்டு பதிவுக்கும் நடுவே வண்டி ஓடியது நானூறு கிலோமீட்டர்தான். வண்டிக்கு வயதானதால் அடிக்கடி தேவைப்பட்டது என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது கையெழுத்தைப் பார்க்கிறேன். எண்களின் வால் நீண்டு, கோட்டுக்கு மேலே ஏறி, 7க்கும் 1க்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. அவர் கேட்ட நடுக்கம் எஞ்சினுடையதா, ஸ்டியரிங்கைப் பிடித்த கையினுடையதா? அவரிடம் கேட்டிருந்தால் வண்டி சரியில்லை என்றுதான் சொல்லியிருப்பார். அல்லது அவர் என்னைவிட நல்ல காது உள்ளவராகவும் இருந்திருக்கலாம், பழகிப்போக மறுத்துக் கடைசிவரை ஒவ்வொரு நூலையும் கவனித்தவராக. இரண்டில் எது என்று நோட்டு சொல்லாது.

அந்தக் கிலோமீட்டர் பத்தி என்னிடம் வந்த பிறகு ஏழு வருஷம் நிரம்பியது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி நின்றுபோனது. மறுநாள் காலையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை என்று கணக்குச் சொன்னார்கள். அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஏறியது. எங்கள் தெருவில் வண்டி சீட் உயரத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு பாய்க்குப் போன் போட்டபோது அவர் சொன்ன முதல் வார்த்தை "சாவி போடாதீங்க" என்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நடந்தே வந்தார். மூன்று பிளக்கையும் கழற்றி எஞ்சினைச் சுற்றவிட்டார். அழுக்குத் தண்ணீர் பீய்ச்சி என் சட்டையில் தெளித்தது. ஆயில் தட்டின் நட்டைத் திருகியபோது இறங்கியது கறுப்பு எண்ணெய் இல்லை, பால் தூக்கலான டீயின் நிறத்தில் ஒரு குழம்பு. மூன்று தடவை ஆயில் மாற்றினோம். எஞ்சின் பிழைத்தது. ஸ்பீடோமீட்டர் பிழைக்கவில்லை. 81,644 என்று நின்ற எண் இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. கேபிள் மாற்றினால் ஓடும் என்று பாய் பல தடவை சொல்லிவிட்டார். ஏனோ செய்யவில்லை. நோட்டில் எழுதுவதும் அதோடு நின்றது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்ற கேள்வியே எனக்கு இல்லாமல் போனது.

ஆனால் கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் அது உண்மையைச் சொல்லியிருக்குமா? எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் மூன்று பொறி. நின்ற இடத்தில் நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று என்று வைத்தால் 1,350 பொறி. பத்து நிமிஷத்துக்கு 13,500. மாலையில் பெருங்களத்தூர் சிக்னலில் பத்து நிமிஷம் நிற்பது பெரிய செய்தி ஒன்றும் இல்லை. மேடவாக்கம் வழியாக வேளச்சேரி போகிறவர்களைக் கேட்டால் பத்து நிமிஷத்துக்குச் சிரிப்பார்கள். அத்தனை நேரமும் ஃபைபர் கட்டை தேய்கிறது, மீட்டர் நகர்வதில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் என்பது ஓடுகிற வண்டிக்கு எழுதிய கணக்கு. ஜி.எஸ்.டி. சாலையில் எங்கள் வண்டிகள் பாதி நேரம் ஓடுவதில்லை, எரிகின்றன. இன்னொரு பக்கம், ஓடவே ஓடாமல் நிற்பதாலும் வண்டி கெடுகிறது. இரண்டு வாரம் எடுக்காமல் விட்டால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பழுப்பாக, அரக்குபோல ஒரு படிவு தங்கும். ஊசித்துளை அளவு ஜெட்டுக்கு அது போதும். ரப்பர் ஹோஸ் வெயிலில் இறுகும், ஐப்பசி மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் வேர்க்கும், டயரின் பக்கவாட்டில் வரி விழும். தூரம், நேரம், நிற்றல் இந்த மூன்றும் வெவ்வேறு வேகத்தில் வண்டியைத் தின்கின்றன. ஒரே எண்ணில் மூன்றையும் அடக்கப் பார்த்தால் அந்த எண் மூன்றுக்கும் பொருந்தாது.

இதில் நான் யோசித்தே பார்த்திராத நாலாவது ஒன்றையும் பாய் எடுத்துக்காட்டினார். கழற்றிய மூன்று பிளக்கையும் செய்தித்தாள்மேல் வரிசையாக வைத்தார். "முன்னெல்லாம் காப்பிப்பொடி கலர்ல இருக்கும் சார். இப்ப எல்லா பழைய வண்டியிலயும் வெளுத்து வருது." வெளுத்த பிளக் என்றால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. நாங்கள் எதையும் மாற்றவில்லை. மாறியது பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 2022இல் பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் வந்தது. 2025இல் அது இருபதானது. சென்சார் உள்ள புதிய வண்டி புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அப்படிப் பார்க்கும் கண் இல்லை, 1996இல் பித்தளையில் போட்ட துளை அதே அளவில்தான் இருக்கிறது. போதாததற்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். கிண்ணத்தின் உட்சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினார். வாத்தியார் அந்த நோட்டில் ஐயாயிரம் என்று எழுதத் தொடங்கிய காலத்தில் தாம்பரம் பங்கில் போட்டது ஈயம் கலந்த பெட்ரோலாக இருந்திருக்கலாம். அது 2000இல் நின்றது. ஆக இந்த எஞ்சின் தன் ஆயுளில் மூன்று நாலு வகை எரிபொருளைக் குடித்திருக்கிறது. நாம் அதை ஒரே பெயரில் கேட்டு வாங்கினோம். நான் பழகிப்போனது நடுக்கத்துக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

பழைய வண்டிக்கு இடைவெளியைச் சொல்ல வேண்டியவர் யார்? செய்தவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் செய்தவர்கள் வண்டிக்கு முன்னால் போய்விடுகிறார்கள். மாருதி 800 கடைசியாக 2014 ஜனவரியில் உற்பத்தியிலிருந்து நின்றது. அந்தக் கம்பெனியாவது இருக்கிறது. எங்கள் சாலையிலேயே, பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் போகிற வழியில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற கார் 1961இலிருந்து அங்கே வந்தது. பிறகு கேசல், கடைசியில் 1985இல் ஸ்டாண்டர்ட் 2000. இங்கிலாந்தில் அந்த ஸ்டாண்டர்ட் என்ற பெயரே 1963இல் காருக்கு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். நம் ஜி.எஸ்.டி. சாலையோரம் அது இன்னும் கால் நூற்றாண்டு உயிரோடு இருந்து 1988இல் அணைந்தது. இன்று அந்த நிலத்தில் கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் வேலை நடக்கிறது. அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் மறைமலை நகரில் ஃபோர்டு. 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. ஐக்கானும் ஃபியஸ்டாவும் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் தாம்பரத்தில் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஹெரால்டை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதன் முன்பக்கம் முழுவதும், பானெட்டும் இரண்டு பக்கச் சக்கரத்தின் மேல்மூடியும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். திறந்தால் எஞ்சின் முழுசாக வெளியே நிற்கும், சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம் அது. அந்தக் காரைச் செய்தவர்கள், வாங்குகிறவன் இதைத் திறந்து திறந்து பார்ப்பான் என்று நம்பியிருக்கிறார்கள். இன்று புதிய காரின் பானெட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று எஞ்சினை மறைத்துக்கொண்டிருக்கும். அதில் தவறில்லை, அங்கே கை வைக்க வேண்டிய வேலையும் இல்லை. எம்.பி.எஃப்.ஐ. வந்ததோடு பாயிண்டும் போயிற்று, ஜெட்டும் போயிற்று, 'டியூனிங்' என்ற சொல்லுக்கே பொருள் போயிற்று. பாயின் உஸ்தாத் ஹெரால்டில் வேலை பழகியவராம். வண்டி வந்ததும் முதலில் சாயவைத்துத் திறந்துவிட்டு, ஒரு டீ குடித்து முடிக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பாராம்.

பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலை என்று பாயும் நம்புகிறார். அடிக்கடி கை வைப்பது அவருக்குப் பிடிக்காது. மாதம் ஒரு தடவை கொண்டுவந்துவிடட்டுமா என்று கேட்டேன், தலையை ஆட்டி மறுத்தார். "ஹெட்டு அலுமினியம் சார். ஒவ்வொரு தடவை பிளக்கக் கழட்டறப்பவும் மரை கொஞ்சம் போகும்." டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்பும் அப்படித்தான், முப்பது வருஷ பிளாஸ்டிக், என்றோ ஒரு நாள் கையோடு வந்துவிடும். கார்புரேட்டர் ஸ்குரூவின் தலையில் வெட்டு மழுங்கும். அக்கறையும் ஒரு தேய்மானம்தான் என்று எனக்குப் புரிய அவர் சொன்ன மரை போதும். வாத்தியார் நானூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழற்றிய அந்தக் கடைசி வருஷங்கள் வண்டிக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா? கவனிக்காமல் விட்டால் தெரியாமலே தேய்கிறது, கவனித்தால் கவனித்த இடத்தில் தேய்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சரியான இடைவெளி இருக்கத்தான் வேண்டும், பாயிண்டுக்கு இருப்பதைப்போல. அதை அளக்க எந்தத் தகட்டை நுழைப்பது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அரசாங்கம் ஒரு இடைவெளி வைத்திருக்கிறது. இந்த வயது வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புகைச் சான்றிதழ்; கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பதினைந்து வருஷம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். இருபது வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பத்தாயிரம் ரூபாய் என்று 2025இல் உயர்த்தியிருக்கிறார்கள். 2026இல் எனக்கு முறை. அக்கா மகள் இருக்கும் ஊரில் 1990இலிருந்து கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுக்கே ஆயுள் பத்து வருஷம். நீட்டிக்கப் பெருந்தொகை கேட்பார்கள், அதனால் பல பேர் நன்றாக ஓடுகிற காரையே கழித்துவிடுகிறார்கள். தன் வயதைவிடப் பெரிய கார் ஒன்றில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவள் காதுக்கு எங்கள் நடுக்கம் அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். புகைச் சான்றிதழை நான் ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. பாயிண்ட் 0.30க்கு வந்திருந்த அந்த மாதங்களிலும் சான்றிதழ் செல்லுபடியாகத்தான் இருந்தது.

மதியம் ஆகிவிட்டது. பாய் பாயிண்டின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, கரி போகத் துடைத்து, 0.45 தகட்டை வைத்து ஸ்குரூவை இறுக்கினார். பிளக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து திருப்பிப் போட்டார், முதல் நாலைந்து சுற்றை வெறும் விரலால். மரை சரியாக ஏறுகிறதா என்று விரலுக்குத்தான் தெரியுமாம். எஞ்சினை ஓடவிட்டுக் கார்புரேட்டரின் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகினார். சத்தம் இளைத்து, தடுமாறி, நின்றுவிடும் போலாயிற்று. அங்கிருந்து வெளியே திருகிக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் எஞ்சின் மூச்சு வாங்கி நிமிர்ந்ததுபோல் சுதி சேர்ந்தது. இன்னும் வெளியே போனார், மீண்டும் கனத்தது. திரும்பி அதே இடத்துக்கு வந்து நிறுத்தினார். அவர் இரண்டு பக்கமும் கெடுத்துப் பார்த்துத்தான் நடுவைக் கண்டுபிடித்தார் என்பதை நான் கவனித்தேன். பிறகு குடித்து முடித்த டீ கிளாஸைக் கழுவி, பாதி தண்ணீர் ஊற்றி, ஏர் ஃபில்டர் மூடியின்மேல் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நடுவிலிருந்து மெல்லிய வளையங்கள் எழுந்து விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. "இன்னும் இருக்கே பாய்" என்றேன். "மூணு சிலிண்டர் சார். இவ்ளோ இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். 2015 அக்டோபரில் என் கையெழுத்தில் கடைசிப் பதிவு. அதன் கீழே தேதி எழுதினேன். கிலோமீட்டர் பத்தியில் எதுவும் எழுத இல்லாததால் 'அக்கா மகள் வந்து போன பிறகு' என்று எழுதினேன். வேலை பத்தியில் பாயிண்ட் 0.45. அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்து, அவள் அடுத்து எப்போது வருகிறாள் என்று கேட்டேன். சித்திரையில் வரலாம் என்றாள். அதையும் பென்சிலால் அடுத்த வரியில் குறித்து வைத்தேன்.